எந்தப் பாத்திமா?

எங்கள் வகுப்பில் 28 பேர் இருக்கிறோம். அதில் 19 பேருடைய பெயர் பாத்திமா என்றுதான் தொடங்கும். வரவு இடாப்பைக் கூப்பிடும் டீச்சர் முதற்பெயரை வாயில் எடுப்பதே இல்லை. இரண்டாம் பெயரைத்தான் சொல்லுவார். புதிதாக வந்த ஒரு டீச்சர் முதல் நாள் தெரியாமல், "பாத்திமா, கரும்பலகையைத் துடையுங்க" என்று சொல்லிவிட்டார். 19 பேரும் ஒன்றாக எழும்பினோம். அன்றைக்கு முழுக்க வகுப்பில் சிரிப்புத்தான்.

நானும் ஒரு பாத்திமா. இந்தக் கட்டுரையில் வரும் என் தோழியும் ஒரு பாத்திமா. ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருப்பதில் சிரிக்க முடியாத பக்கமும் ஒன்று உண்டு என்பதை இந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டியில் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் இருவரும் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறோம். பாடத்திட்டத்தில் எங்களுக்கு இருப்பது பைதன் மொழி. ஜாவாஸ்கிரிப்ட் நாங்களாகத் தேடிப் படித்தது. என்னிடம் மாமா மகன் பாவித்து முடித்துத் தந்த பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. என் வீடு ஈச்சிலம்பற்றில், வாப்பாவின் பலசரக்குக் கடைக்குப் பின்னால். இரவில் கடை பூட்டிய பிறகு, மா மூட்டைகளுக்கு நடுவில் மேசை போட்டு அந்தக் கணினியைத் திறப்பேன். ஜாவாஸ்கிரிப்ட் படிக்கத் தனியாக எதையும் வாங்கவோ நிறுவவோ தேவையில்லை. உலாவி ஒன்று இருந்தால் போதும். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

இந்த மொழியை 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் 10 நாட்களில் உருவாக்கினார். அன்றைய இணையப் பக்கங்களில் சின்னச் சின்ன வேலை செய்வதற்கென்று வந்த மொழி அது. ஒரு பக்கத்தில் எத்தனை கோப்புகளை இணைத்தாலும் அவை எல்லாவற்றுக்கும் ஒரே முற்றம்தான். அந்த முற்றத்துக்கு 'விண்டோ' என்று பெயர். எந்தச் சார்புக்கும் உள்ளே போகாமல், வெளியே 'வார்' என்று போட்டு ஒரு மாறியை அறிவித்தால் அது அந்த முற்றத்தில் போய் நிற்கும். எல்லாக் கோப்பும் அதைப் பார்க்கலாம், எல்லாக் கோப்பும் அதை மாற்றலாம். இதைத்தான் முழுதளாவிய எல்லை என்கிறார்கள். சார்புக்கு உள்ளே அறிவித்த மாறி மட்டும் உள்ளேயே இருக்கும். சின்ன வேலைகளுக்கு இது வசதி. வீட்டில் ஆள் குறைவென்றால் ஒரே அறை போதும் அல்லவா?

இன்னொரு வசதியும் இந்த மொழியில் உண்டு. மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கும் தோழிக்கும் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் கோப்புகளில் 'பெயர்', 'வயது', 'புள்ளி' என்று தமிழ்தான்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது டீச்சர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "இந்த முறை புள்ளிகளைக் கணினியில காட்டுவமா? உங்களால ஏலுமா?" என்று கேட்டார். ஏலும் என்றோம். வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஸபா, மர்வா, ஹிறா என்ற மூன்று இல்லங்களின் புள்ளிகளைக் கூட்டுவது என் கோப்பு. ஒவ்வோர் இல்லத்திலும் எத்தனை பேர் பங்குபற்றுகிறார்கள் என்று எண்ணிக் காட்டுவது அவளுடைய கோப்பு. நான் ஸபா இல்லம், அவள் ஹிறா.

என் கோப்பில் மூன்று இல்லங்களின் கூட்டுத்தொகைக்கு ஒரு பட்டியல் வேண்டும். மூன்று பூச்சியங்களோடு 'மொத்தம்' என்று பெயர் வைத்தேன். போட்டி முடியும் வரை கூட்டுத்தொகை திரையில் தெரியாதபடி நானே அமைத்தேன். கடைசியில் காட்டினால் எல்லோருக்கும் ஆவலாக இருக்கும் என்பது என் எண்ணம். கடைக்குள் இருந்து பல தடவை சோதித்தேன். கணக்கு ஒரு புள்ளி பிசகவில்லை. அவளும் தன் கோப்பைத் தன் வீட்டில் சோதித்துச் சரி பார்த்திருந்தாள். போட்டி நாள் காலையில் அவளுடைய கோப்பை வாங்கி, என் பக்கத்தில் என் கோப்புக்குக் கீழே ஒரு வரியில் இணைத்தேன். பங்குபற்றுவோர் தொகை அழகாகத் திரையில் வந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து நான் சோதிக்கவில்லை. நேரமும் இல்லை, தேவை என்று தோன்றவும் இல்லை.

மாலையில் முடிவு திரைக்கு வந்தது. ஹிறா 257, ஸபா 253, மர்வா 242. ஹிறாப் பிள்ளைகள் மைதானத்தில் துள்ளினார்கள். கிண்ணத்தையும் வாங்கிவிட்டார்கள். அரை மணித்தியாலம் கழித்து, புள்ளிகளைக் கையால் இடாப்பில் எழுதிக்கொண்டிருந்த மூத்த டீச்சர் வந்தார். அவருடைய இடாப்பில் ஸபா 212, ஹிறா 205, மர்வா 198. இரண்டு தடவை, மூன்று தடவை கூட்டிப் பார்த்தார்கள். இடாப்புத்தான் சரி. ஹிறாப் பிள்ளைகளின் கையில் இருந்த கிண்ணத்தைத் திரும்ப வாங்கினார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அழுததை நான் பார்த்தேன்.

டீச்சர் எங்களிடம் வந்து, "யாருடைய கோப்பில பிழை?" என்று கேட்டார்.

நான் உடனே சொன்னேன்: "என்ட கோப்ப நான் தனியா எத்தனையோ தரம் சோதிச்சுப் பாத்தன் டீச்சர். அதில பிழை இல்ல."

அது பொய் இல்லை. ஆனால் அந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம். என்னுடையது இல்லை என்றால் யாருடையது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. தோழி என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் முழுக்க ஒரே கதை. "பாத்திமா பிழையா எழுதிட்டாளாம்." "பாத்திமா தன்ட இல்லம் வெல்லட்டும் எண்டு செஞ்சிட்டாளாம்." எந்தப் பாத்திமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஹிறா இல்லத்துப் பாத்திமா என்று எல்லோரும் தாங்களாக எடுத்துக்கொண்டார்கள். என் பெயரும் அதுதானே? "நானா, அவளா?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் பஸ்ஸில் வரும்போது தாளில் கணக்குப் போட்டேன். 257இல் 205 போனால் 52. 253இல் 212 போனால் 41. 242இல் 198 போனால் 44. மூன்று இல்லத்துக்கும் மூன்று விதமான பிழை. 52, 41, 44. இந்த மூன்று இலக்கங்களையும் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று மனம் சொல்லிக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்ததும் விளங்கியது. அவை புள்ளிகளே அல்ல. ஹிறாவில் பங்குபற்றிய 52 பேர், ஸபாவில் 41 பேர், மர்வாவில் 44 பேர்.

அவளுடைய கோப்பை முதன்முறையாக வரி வரியாக வாசித்தேன். மேலேயிருந்து மூன்றாவது வரியில் 'வார் மொத்தம்' என்று இருந்தது.

அவளும் அதே சொல்லைத்தான் போட்டிருந்தாள். ஆட்களைக் கூட்டினாலும் புள்ளிகளைக் கூட்டினாலும் தமிழில் மனதில் வரும் சொல் அதுதானே? உலாவி முதலில் என் கோப்பை வாசித்து, முற்றத்தில் 'மொத்தம்' என்று மூன்று பூச்சியங்களை வைத்தது. பிறகு அவளுடைய கோப்பை வாசித்தது. 'வார்' ஒரு சத்தமும் போடாது. "இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே" என்று கேட்காது. என் பட்டியலை விலக்கிவிட்டு, அதே பெயரில் அவளுடைய பட்டியலை வைத்தது. அவளுடைய கோப்பு அதற்குள் ஆட்களை எண்ணி வைத்தது. அதன் பிறகு நான் 'சேர்' பொத்தானை அழுத்திய ஒவ்வொரு முறையும் புள்ளிகள் அந்த ஆட்தொகையின் மேல் போய் விழுந்தன. கூட்டுத்தொகையை நான் கடைசி வரை மறைத்து வைத்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இரண்டு கோப்புகளின் வரிசையை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கணக்குச் சரியாக வந்தது! அவளுடைய தொகை திரைக்குப் போன பிறகு என் கோப்பு வந்து மீண்டும் பூச்சியம் வைத்தது. அப்படி இணைத்திருந்தால் பிழை இருப்பதே தெரிந்திருக்காது. நானும் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருப்பேன். பிறகு 'வார்' இருந்த இடத்தில் 'லெட்' என்று மாற்றிப் பார்த்தேன். அந்தப் பெயர் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுவிட்டது என்று சிவப்பு எழுத்தில் பிழை காட்டி, இரண்டாவது கோப்பை ஓடவே விடவில்லை. காலையில் அந்தச் சிவப்பு எழுத்தைக் கண்டிருந்தால் ஒருவரும் அழுதிருக்க மாட்டார்கள்.

ஆக, அவளுடைய கோப்பிலும் பிழை இல்லை, என் கோப்பிலும் பிழை இல்லை. இரண்டையும் ஒரே முற்றத்தில் விட்ட பக்கத்தில்தான் பிழை. அந்தப் பக்கத்தை எழுதியவள் நான்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. 2005இல் வந்த புரோட்டோடைப், 2006இல் வந்த ஜேகுவெரி என்ற இரண்டு நூலகங்களும் தங்கள் முக்கியமான சார்புக்கு டொலர் குறியையே பெயராக வைத்திருந்தன. இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டால் பின்னால் வருவது முன்னால் வந்ததை விழுங்கிவிடும். அதனால், "டொலர் குறியை நான் விட்டுத் தருகிறேன்" என்று சொல்வதற்கென்றே ஜேகுவெரியில் தனியாக ஒரு கட்டளை வைத்தார்கள். வேறு சிலர் முழுக் கோப்பையும் ஒரு சார்புக்குள் போட்டு மூடி, அந்தச் சார்பை உடனே ஓடவிட்டார்கள். உள்ளே இருக்கும் மாறிகள் அதற்குள்ளேயே தங்கிவிடும். ஒரே அறைக்குள் சேலையைக் கட்டி மறைப்பது போன்ற வேலை அது.

உண்மையான சுவர் 2015இல் வந்தது. அந்த வருடத் தரநிலையில் மொடியூல் முறை மொழியிலேயே சேர்க்கப்பட்டது. 2018 அளவில் பிரதான உலாவிகள் எல்லாவற்றிலும் அது வேலை செய்தது. மொடியூலாக எழுதிய கோப்பில் மேலே அறிவிக்கும் மாறி, 'வார்' என்று போட்டாலும்கூட, முற்றத்துக்குப் போகாது. அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும். வெளியே கொடுக்க விரும்புவதை மட்டும் 'எக்ஸ்போர்ட்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் 'இம்போர்ட்' என்று எழுதி, எந்தப் பெயரை, எந்தக் கோப்பிலிருந்து வாங்குகிறேன் என்று சொல்ல வேண்டும். கொடுத்தவரும் தெரியும், வாங்கியவரும் தெரியும்.

இதை எல்லாம் அந்த இரவில் படித்து முடித்தேன். பக்கத்தைத் திருத்தத் தொடங்கினேன். பிழையைத் திருத்திவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

வாப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, கடன் கொப்பியைத் திறந்து பக்கத்தில் இருந்தார். "என்ன மகள், முகம் வாடிக் கிடக்கு?" என்றார். நான் பாதியை மட்டும் சொன்னேன். ஒரே பெயரால் கணக்குப் பிழைத்துவிட்டது என்றேன்.

வாப்பா சிரித்தார். "இந்தக் கொப்பியிலயும் அது நடந்திருக்கு" என்றார்.

எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்களில் அநேகம் பேர் தமிழ் ஆட்கள். வாப்பாவை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒரே பெயருள்ள இரண்டு அண்ணன்மார் கடையில் கடன் வைத்திருந்தார்களாம். வாப்பா கொப்பியில் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார். ஒருவர் வாங்கிய மா மூட்டை மற்றவருடைய கடனில் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த மனிதர், "நானா எழுதினால் சரியாகத்தான் இருக்கும்" என்று பேசாமல் காசைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு கிழமைக்குப் பிறகுதான் வாப்பாவுக்குப் பிடிபட்டது. பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டு, காசை எடுத்துக்கொண்டு சைக்கிளில் அவருடைய வீட்டுக்குப் போனாராம்.

"அடுத்த முறை அவர் கடைக்கு வரக்குள்ள கழிச்சிரிக்கலாமே வாப்பா?" என்று கேட்டேன்.

"காசு மட்டும் எண்டா கழிக்கலாம் மகள். அந்த மனிசன் தான் எடுக்காத சாமானுக்குக் கடன்காரனா இருந்திரிக்கார். அத வீட்டுக்குப் போய்த்தான் தீர்க்கணும்" என்றார். கொப்பியைத் தட்டிக் காட்டினார். "கொப்பியில பிழை இல்ல. ரெண்டு பேரையும் ஒரே பேருல எழுதினது நான்தானே?"

அதற்குப் பிறகு வாப்பாவின் கொப்பியில் ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் மேல் பெயரும் தகப்பனின் பெயரும் இருக்கும்.

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் தோழியை மாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தாளை நீட்டி 52, 41, 44 என்று காட்டினேன். அவள் உடனே விளங்கிக்கொண்டாள். என்னைவிடக் கெட்டிக்காரி அவள்.

"அப்ப ரெண்டு கோப்பும் சரிதான்" என்றாள்.

"ஓம். சேத்தது நான். சோதிக்காம விட்டதும் நான். டீச்சரிட்ட அப்படிச் சொன்னதும் நான்."

அவள் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ பிழை விட்டது எனக்குப் பெரிசில்ல. நீ சும்மா நிண்டதுதான்" என்றாள். எனக்குப் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. அதுவும் நியாயம்தான்.

டீச்சரிடம் போய் முழுவதையும் சொன்னேன். திங்கட்கிழமைக் காலைக்கூட்டத்தில் இரண்டு நிமிடம் தரும்படி கேட்டேன். மேடையில் ஏறும்போது கால் நடுங்கியது. "போட்டியில் புள்ளி பிழைத்ததற்குக் காரணம் பாத்திமா என்று சொல்கிறார்கள். அந்தப் பாத்திமா நான்தான். ஹிறா இல்லத்துப் பாத்திமாவின் கோப்பில் ஒரு பிழையும் இல்லை" என்று சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு அமைதியாகிவிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வரிசையை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்தக் கிழமையே நாங்கள் இருவரும் கணினி அறையில் இருந்து பக்கத்தைப் புதிதாக எழுதினோம். இப்போது மூன்று கோப்புகள். என் கோப்பு 'சேர்' என்ற சார்பையும் முடிவைத் தரும் சார்பையும் மட்டும் வெளியே கொடுக்கிறது. பட்டியலைக் கொடுக்கவில்லை. வாங்கிய பெயருக்கு வேறு பெறுமதி வைக்க மொடியூல் விடாதுதான், ஆனால் பட்டியலையே கொடுத்தால் அதன் உள்ளே கை வைக்கலாம். அவளுடைய கோப்பு 'பங்குபற்றியோர்' என்ற சார்பை மட்டும் கொடுக்கிறது. மூன்றாவது கோப்பு இரண்டிடமும் பெயர் சொல்லி வாங்குகிறது. இருவரும் ஒரே பெயரில் எதையாவது கொடுத்தாலும், வாங்கும் இடத்தில் 'அஸ்' என்று போட்டு வேறு பெயரில் கூப்பிடலாம். எங்கள் இரண்டு கோப்புகளிலும் 'மொத்தம்' என்ற சொல் இன்றும் அப்படியே இருக்கிறது. யாரும் யாருக்காகவும் அந்தச் சொல்லை விடவில்லை.

இதைப் படித்துவிட்டு முயற்சி செய்யப் போகும் தங்கைகளுக்கு இரண்டு விஷயம். முதலாவது, பக்கத்தை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் மொடியூல் வேலை செய்யாது. பாதுகாப்புக் காரணத்தால் உலாவி தடுத்துவிடும். பைதனோடு வரும் சிறிய சேவையகத்தை ஒரு கட்டளையில் ஓடவிட்டு, அதன் வழியாகத் திறவுங்கள். இரண்டாவது, எங்கள் பொத்தான் திடீரென்று செத்துப்போனது. பொத்தானுக்குள்ளேயே எழுதிய கட்டளை, சார்பை முற்றத்தில்தான் தேடும். மொடியூலுக்குள் இருக்கும் சார்பு அதற்குத் தெரியாது. மூன்றாவது கோப்புக்குள் இருந்தே பொத்தானோடு தொடுக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவள் அவள். "வெளிய நிண்டு கூப்பிட்டா உள்ள இரிக்கிறவளுக்குக் கேக்குமா?" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த வாரத்தில் என்னோடு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சுவர் வைத்தாலும் முற்றம் இல்லாமல் போவதில்லை. எல்லா மொடியூலுக்கும் பொதுவானவை இன்னமும் இருக்கின்றன. 2018இல் பட்டியல்களுக்கு 'ஃபிளாட்டன்' என்ற புதிய வசதியை மொழியில் சேர்க்கப் பார்த்தார்கள். மூடூல்ஸ் என்ற பழைய நூலகம் முன்பே அதே பெயரைப் பொது இடத்தில் வைத்திருந்தது. புதியதைச் சேர்த்தால் அந்த நூலகத்தை நம்பி எப்போதோ எழுதிய பக்கங்கள் உடைந்துவிடும். மொழிக்குப் பொறுப்பானவர்கள் பழைய பக்கங்களைக் குறை சொல்லித் தப்பவில்லை. தங்கள் பெயரை 'ஃபிளாட்' என்று மாற்றிக்கொண்டார்கள். பொது இடத்தில் கை வைக்கிறவருக்குத்தான் பொறுப்பு அதிகம் என்று இதை வாசித்தபோது வாப்பாவின் கொப்பிதான் நினைவுக்கு வந்தது.

சென்ற வாரம் டீச்சர் வகுப்புக்கு வந்து, "பரிசளிப்பு விழாவுக்கும் ஒரு பக்கம் வேணும். பாத்திமா, செய்வீங்களா?" என்று கேட்டார். 19 பேரும் எழும்பவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் எழும்பினோம். இந்த முறை இரண்டு கோப்பையும் ஒன்றாக இணைத்துத்தான் சோதிப்போம் என்று அவள் முன்கூட்டியே என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.